கடைமடைக்கும் காற்று: சொந்தமாகக் கட்டிய சிறு விமானத்தில் எஞ்சின் சூட்டைக் குறைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஓடுபாதையை விட்டு எழும்பி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. மூன்றாம் சிலிண்டரின் வெப்பநிலை 400 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி 420, 430 என்று ஏறிக்கொண்டே போகிறது. பல ஆண்டு உழைத்துத் தன் கையால் கட்டிய விமானத்தை முதன்முறை மேலே எடுத்துச் செல்பவர்களில் பலர் இந்தக் கவலையைச் சந்திக்கிறார்கள். தரையிறங்கியதும் முதலில் கை போவது, எஞ்சின் உறையின் முன்பக்கக் காற்றுவாயை வெட்டிப் பெரிதாக்கும் வேலைக்குத்தான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பெரும்பாலான விமானங்களில் உள்ளே வரும் காற்று போதுமானதாகவே இருக்கிறது. வந்த காற்று போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் வழியிலேயே கசிந்துவிடுவதுதான் பிரச்சினை.

ஆற்றில் நீர் கரைபுரண்டாலும் வாய்க்கால் கரையில் நண்டு வளை இருந்தால் கடைமடை வயல் காய்ந்துதான் கிடக்கும். எஞ்சினின் பின்வரிசைச் சிலிண்டர்கள்தான் இங்கே கடைமடை. மதகை அகலப்படுத்துமுன் கரையை அடைக்க வேண்டும். இந்த வழிகாட்டியின் வரிசையும் அதுதான்.

பேச்சு பொதுவாகப் போய்விடாமல் இருக்க ஓர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் அரோரா ஊரிலிருந்து வரும் வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் ஆர்.வி. வகை விமானங்கள் உலகம் முழுவதும் பத்தாயிரத்துக்கும் மேல் கட்டிப் பறக்கவிடப்பட்டுள்ளன. அவற்றில் மிகப் பலவற்றில் இருப்பது லைகமிங் ஓ-320 அல்லது ஓ-360: நான்கு சிலிண்டர், காற்றாலேயே குளிரும் எஞ்சின். ரோட்டாக்ஸ் 912 வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதிதான் பொருந்தும். அதில் சிலிண்டர் தலைகளைக் குளிர்விப்பது திரவம்.

காற்று எந்த வழியாகப் போகிறது

மோட்டார் சைக்கிள் எஞ்சினைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் மெல்லிய ஃபின் தகடுகளை எல்லோரும் பார்த்திருப்போம். விமான எஞ்சினிலும் அவைதான். ஆனால் காற்று முன்னிருந்து பின்னாக ஓடுவதில்லை. புரொப்பெல்லருக்கு இருபுறமும் உள்ள வாய்கள் வழியே நுழைந்து எஞ்சினுக்கு மேலே உள்ள அறையில் தேங்கி அழுத்தம் பெறுகிறது. பிறகு ஃபின்களுக்கு இடையே மேலிருந்து கீழாக இறங்கி, கீழறை வழியே உறையின் அடிப்பக்கத் திறப்பில் வெளியேறுகிறது. மேலறையையும் கீழறையையும் பிரிக்கும் அலுமினியத் தகடுகளை பாஃபிள் என்கிறோம். பாஃபிளின் விளிம்புக்கும் உறைக்கும் இடையே உள்ள இடைவெளியை அடைப்பது சிலிக்கான் ரப்பர் பட்டை.

காற்றைக் கீழே தள்ளுவது இரு அறைகளுக்கும் உள்ள அழுத்த வேறுபாடு மட்டுமே. அதைத் தருவது விமானத்தின் வேகம். கடல் மட்டத்தில் 100 நாட் (மணிக்குச் சுமார் 185 கி.மீ.) வேகத்தில் எதிர்காற்றின் முழு அழுத்தமும் சுமார் 165 மில்லிமீட்டர் உயர நீர் தரும் அழுத்தம்தான். 75 நாட்டில் அது 93 மி.மீ. ஆகச் சுருங்குகிறது, 150 நாட்டில் 372 ஆக உயர்கிறது. மேலேறும்போது எஞ்சின் முழுத் திறனில் சூட்டைக் கக்குகிறது, காற்றழுத்தமோ குறைவாக இருக்கிறது. கிடைமட்டப் பறப்பில் அமைதியாக இருக்கும் எஞ்சின் ஏற்றத்தில் கொதிப்பது இதனால்தான்.

எவ்வளவு சூடு அதிகம்? லைகமிங் இந்த எஞ்சின்களின் சிலிண்டர் தலைக்கு விதித்துள்ள உச்ச வரம்பு 500 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 260 செல்சியஸ். அது தாண்டக்கூடாத கோடு. அதுவரை போகலாம் என்ற அனுமதியாக அதைப் படிக்காதீர்கள். நீண்ட ஆயுளுக்கு 435-க்குள் வைக்கச் சொல்வதும் அதே நிறுவனம்தான். அலுமினியம் உருகும் நிலைக்கு வெகு முன்னரே வலு இழக்கத் தொடங்கிவிடும் என்பதால், ஏற்றத்தில் 400-ஐ ஒட்டியும் பயணத்தில் 380-க்குக் கீழும் இருந்தால் நான் நிம்மதியாக இருப்பேன்.

முதல் படி: மீட்டர் உண்மை சொல்கிறதா?

ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் சூடாகக் காட்டினால், அதன் உணரியையும் பக்கத்துச் சிலிண்டரின் உணரியையும் இடம் மாற்றிவிட்டுப் பறந்து பாருங்கள். சூடும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி உணரிதான். உணரியைக் கொதிக்கும் நீரில் தோய்த்தும் சோதிக்கலாம். கடல் மட்டத்தில் 100 செல்சியஸ் காட்ட வேண்டும், ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். இந்த உணரிகள் உலோகச் சேர்க்கையைப் பொறுத்து ஜே, கே என்ற வகைகளில் வரும். ஜே வகை உணரிக்கு ஜே வகைக் கம்பியும், கே வகைக்குக் கே வகையும்தான் மீட்டர்வரை போக வேண்டும். நடுவில் சாதாரணச் செம்புக் கம்பி ஒட்டுப்போட்டிருந்தால் அளவு பொய்யாகும். ஸ்பார்க் பிளக்கின் அடியில் வளையமாக வைக்கும் உணரி, தலையில் அதற்கென உள்ள துளையில் பொருத்தும் உணரியைவிட அதிகமாகக் காட்டும். இரண்டையும் கலந்து வைத்துவிட்டு ஒப்பிடுவது வீண்.

இரண்டாம் படி: காற்றைக் குறை சொல்லுமுன் நெருப்பைப் பாருங்கள்

சூடு உண்டாவதே தேவைக்கு அதிகமாக இருந்தால், எத்தனை பாஃபிள் வேலை செய்தும் பயனில்லை. மூன்று இடங்களில் தேட வேண்டும்.

முதலாவது எரிபொருள். 180 குதிரைத்திறன் ஓ-360, கடல் மட்டத்தில் முழுத் திறனில், எரிபொருள்-காற்றுக் கலவை முழுச் செறிவில் (பெட்ரோல் மிகுதியாக) இருக்கும்போது மணிக்கு 15 அமெரிக்க காலன், அதாவது சுமார் 57 லிட்டர், அல்லது அதற்கு மேலேயே குடிக்க வேண்டும். அளவு அதைவிடக் கணிசமாகக் குறைந்தால் கார்புரேட்டரின் ஜெட் சிறிது என்று சந்தேகிக்கலாம். புறப்படும்போது ஊற்றப்படும் கூடுதல் பெட்ரோல் வீணாவதில்லை. அது எரிதலின் வேகத்தைத் தணித்துச் சிலிண்டர் தலையைக் காக்கிறது. எக்சாஸ்ட் வெப்பநிலையின் உச்சத்திலிருந்து செறிவான பக்கம் 40, 50 டிகிரி ஃபாரன்ஹீட் தள்ளி உள்ள இடத்தில்தான் சிலிண்டர் தலை மிகவும் சூடாகிறது. ஏற்றத்தில் கலவையை அரைகுறையாகக் குறைப்பவர் தன்னை அறியாமல் சரியாக அங்கேயே போய் நிற்கிறார்.

இரண்டாவது பற்றவைப்பு நேரம். பெரும்பாலான ஓ-360 எஞ்சின்களில், பிஸ்டன் உச்சப் புள்ளியை எட்ட கிராங்க் தண்டு இன்னும் 25 டிகிரி சுழல வேண்டியிருக்கும்போதே தீப்பொறி. உங்கள் எஞ்சினின் தகவல் தகட்டில் பொறித்திருப்பதே இறுதி வார்த்தை. இரண்டு டிகிரி முந்தினாலே தலைச்சூடு ஏறும். மின்னணுப் பற்றவைப்பு பொருத்தியவர்கள் அது முழுத் திறனில் எவ்வளவு முந்துகிறது என்பதை விளம்பரத்தில் படித்து நம்பாமல் அளந்து பார்க்க வேண்டும்.

மூன்றாவது, உள்ளிழுப்புக் குழாயின் கேஸ்கெட்டிலோ ரப்பர் இணைப்பிலோ கசிவு. ஒரு சிலிண்டருக்கு மட்டும் கூடுதல் காற்று சென்று கலவை மெலிந்துவிடும். இணைப்பைச் சுற்றி நீலக்கறை தெரிந்தால் அங்கே கசிவு இருக்கிறது.

புது எஞ்சினாக இருந்தால் இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு பழகி அமரும்வரை உராய்வுச் சூடு அதிகமாகவே இருக்கும். முதல் சில மணி நேரப் பறப்பில் ஒருநாள் தானாகவே இறங்குவதைக் காண்பீர்கள். அதுவரை தரையில் நெடுநேரம் ஓட்டுவதையும் உறையில்லாமல் ஓட்டுவதையும் தவிர்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி: இருட்டில் விளக்கு வைத்துக் கசிவைத் தேடுதல்

எல்லாப் படிகளிலும் அதிகப் பலன் தருவது இதுதான். பணச்செலவும் இதில்தான் மிகக் குறைவு. பொறுமைதான் தேவை.

மாலை மங்கியதும் ஹேங்கர் விளக்குகளை அணையுங்கள். மேல் உறையை மூடிப் பூட்டி, கீழறைக்குள் ஒரு பிரகாசமான எல்.இ.டி. விளக்கை வையுங்கள். முன்பக்கக் காற்றுவாய் வழியாக மேலறைக்குள் எட்டிப் பாருங்கள்; தேவைப்பட்டால் கைபேசியை உள்ளே நீட்டிப் படம் எடுங்கள். ஃபின்களுக்கு இடையே தெரியும் வெளிச்சம் நல்லது. வேறு எங்கே வெளிச்சம் தெரிந்தாலும் அங்கே காற்று திருடு போகிறது.

சிறு சந்துதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ரப்பர் பட்டைக்கும் உறைக்கும் இடையே 3 மி.மீ. இடைவெளி, மொத்தம் ஒரு மீட்டர் நீளத்துக்கு இருந்தால் அதன் பரப்பு 30 சதுர சென்டிமீட்டர். பாஃபிளில் 6 செ.மீ. விட்டத்துக்கு வட்டமாக ஓட்டை போட்டதற்குச் சமம். அப்படி ஓர் ஓட்டையை யாரும் வேண்டுமென்றே போடமாட்டோம். ஆனால் இந்த இடைவெளியோடு ஆண்டுக்கணக்கில் பறப்பவர்கள் உண்டு.

ரப்பர் பட்டை எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்பது மிக முக்கியம். அது முன்னோக்கியும் உள்நோக்கியும், அதாவது அழுத்தம் மிகுந்த மேலறையின் பக்கம் வளைந்திருக்க வேண்டும். அப்போது காற்றே அதை உறையோடு அழுத்தி அடைத்துக்கொள்ளும். வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் தரையில் பார்க்கும்போது ஒழுங்காக மூடியிருப்பதுபோலத் தெரியும், வானில் கதவு போலத் திறந்துகொள்ளும். மூலைகளில் பட்டையை மடித்து வைத்தால் அங்கே சுருக்கம் விழும். துண்டுகளாக வெட்டி ஒன்றின்மேல் ஒன்று படியவிடுங்கள். சில மணி நேரம் பறந்தபின் உறையின் உட்புறத்தைப் பாருங்கள். பட்டை உரசிய தடம் தொடர்கோடாக இருக்க வேண்டும். கோடு அறுந்த இடம் கசியும் இடம்.

கண்ணில் படாத கசிவிடங்கள் சில: எஞ்சின் பெட்டியின் முன்முனைக்கும் மேல் உறைக்கும் இடையே, ஸ்டார்ட்டர் பற்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள இடம், பின்பக்கப் பாஃபிள் எஞ்சின் பெட்டியைத் தொடும் கோடு, ஸ்பார்க் பிளக் கம்பிகள் நுழையும் துளைகள், காற்றுவாயின் உட்புறச் சரிவுப் பலகையும் பக்கச் சுவரும் சேரும் மூலை. உலோகத்தோடு உலோகம் சேரும் இடங்களை வெப்பம் தாங்கும் சிலிக்கான் பசையால் அடையுங்கள். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவைக் குளிர்விக்கவும் கேபின் சூட்டுக்கும் எடுக்கும் குழாய்கள் ஒவ்வொன்றும் ஒரு திறந்த குழாய்தான். எது உண்மையில் தேவை என்று கேளுங்கள். கோடையில் கேபின் சூட்டுக் குழாயின் வாயை மூடிவைக்கலாம்.

நான்காம் படி: சிலிண்டருக்கு அடியிலும் இடையிலும்

மேலிருந்து இறங்கும் காற்று சிலிண்டரை அணைத்தபடி கீழ்ப்பாதியையும் சுற்றி வர வேண்டும். அதற்காகவே இரு சிலிண்டர்களுக்கு இடையிலும் அடியிலும் வளைந்த தகடுகள் இருக்கின்றன. அவை ஃபின் முனைகளை ஒட்டி நிற்க வேண்டும். ஒரு விரல் இடைவெளி இருந்தால்கூடக் காற்று ஃபின்களுக்குள் நுழையாமல் வெளிப்பக்கமாக வழுக்கிக்கொண்டு போய்விடும். இவற்றில் ஒன்றை மாட்ட மறந்துவிட்ட எஞ்சினில் வேறு எந்த வேலை செய்தும் பலன் இருக்காது.

அடுத்து ஒரு மெல்லிய கம்பியை எடுத்து, ஸ்பார்க் பிளக்கைச் சுற்றியும் எக்சாஸ்ட் வாய்க்கு அருகிலும் உள்ள ஒவ்வொரு ஃபின் இடைவெளியிலும் மேலிருந்து கீழ்வரை விட்டுப் பாருங்கள். வார்ப்பின்போது மிஞ்சிய அலுமினியப் பிசிறு பல இடங்களை அடைத்திருக்கும். சன்னமான அரத்தால் பொறுமையாக அகற்றலாம். பிசிறு உள்ளே விழாதபடி எஞ்சினில் திறந்திருக்கும் வாய்களைத் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். ஃபினின் அடியில் மட்டும் கீறல் விழவே கூடாது. விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

ஐந்தாம் படி: மூன்றாம் சிலிண்டரின் முதுகு

லைகமிங் வழக்கப்படி முன் வலது 1, முன் இடது 2, பின் வலது 3, பின் இடது 4. இந்த எஞ்சின்களின் சிலிண்டர் தலையில் ஒரு பக்கம் ஃபின்களின் ஆழம் மிகக் குறைவு. அந்த ஆழமற்ற பக்கம் 3-ஆம் சிலிண்டரில் பின்பக்கமும், 2-ஆம் சிலிண்டரில் முன்பக்கமும் வந்து அமைகிறது. அதே இடத்தில் பாஃபிள் தகடு ஒட்டி நிற்பதால் காற்று இறங்க வழியே இல்லை.

தீர்வு எளிது. 3-ஆம் சிலிண்டருக்குப் பின்னால் உள்ள பாஃபிளை ஏழெட்டு மில்லிமீட்டர் தள்ளி நிறுத்துங்கள். அல்லது அந்த இடத்தில் பாஃபிளை வெட்டி, வெளிப்பக்கம் புடைத்த ஒரு சிறு அலுமினியப் பெட்டியை ரிவெட் செய்து காற்றுக்கு வழி கொடுங்கள். பெட்டியின் கீழ்முனை தலையின் அடிப்பக்கம்வரை வர வேண்டும், அதற்கப்பால் நீளக்கூடாது. 2-ஆம் சிலிண்டரின் முன்னாலும் இதுவே. முன் சிலிண்டர்கள் இரண்டின் முன்னும் நிற்கும் தடுப்புத் தகடுகளின் உயரம், முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் காற்றைப் பங்கிடுகிறது. முன்வரிசை சூடாக இருந்தால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். அரை அங்குலம் வெட்டினால் ஒருமுறை பறந்து பாருங்கள். வெட்டுவதற்கு முன் அலுமினிய நாடா ஒட்டி விளைவைச் சோதிப்பது இன்னும் நல்லது.

ஆறாம் படி: அழுத்தத்தை அளத்தல்

இதுவரை செய்தும் சூடு குறையவில்லை என்றால் ஊகத்தை நிறுத்திவிட்டு அளவுக்கு வர வேண்டும். கால் அங்குல அலுமினியக் குழாயின் ஒரு முனையை அடைத்து, பக்கவாட்டில் சிறு துளைகள் பல போடுங்கள். ஒரு துளையில் வீசும் காற்று அளவைக் கெடுக்காமல் சராசரி கிடைக்கும். ஒன்று மேலறையில், ஒன்று கீழறையில். அவற்றிலிருந்து வரும் பிளாஸ்டிக் குழாய்களைக் கேபினுக்குள் கொண்டுவந்து, பலகையில் யு வடிவில் கட்டிய நிறநீர்க் குழாயில் இணையுங்கள். ஃபயர்வாலில் (எஞ்சினையும் கேபினையும் பிரிக்கும் தீத்தடுப்புச் சுவரில்) குழாய் நுழையும் துளையைத் தீத் தாங்கும் பசையால் மூடுங்கள். விமானத்தின் வேகமானிக் குழாய்களில் கைவைக்க வேண்டாம். நீர்மட்டத்தைப் படிக்க உடன் ஒருவர் வேண்டும். ஓட்டுபவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

கேபின் அழுத்தத்தோடு ஒவ்வோர் அறையையும் தனித்தனியாக ஒப்பிட்டால் நோய் புரிந்துவிடும். மேலறையின் அழுத்தம் அந்த வேகத்துக்குரிய அளவைவிட மிகக் குறைவாக இருந்தால் கசிவு, அல்லது காற்றுவாயின் உதடு சரியில்லை. மேலறை நன்றாக இருந்து கீழறையிலும் அழுத்தம் மிகுந்திருந்தால் வெளியேறும் வழிதான் அடைபட்டிருக்கிறது.

ஏழாம் படி: வெளியேறும் வழி

சூடான காற்று விரிவடைவதால், நுழைந்ததைவிடப் பெரிய வழி அதற்கு வேண்டும். பல விமானங்களில் அந்த வழியை எக்சாஸ்ட் குழாய்களும் முன்சக்கரத் தாங்கியும் பங்குபோட்டுக்கொள்கின்றன. திறப்பின் பரப்பை அளக்கும்போது அவற்றைக் கழித்துவிட்டுக் கணக்கிடுங்கள்.

முதல் வேலை, ஃபயர்வாலின் கீழ் விளிம்பு. காற்று நேராக வந்து அந்தக் கூரிய மூலையில் மோதிச் சுழல்கிறது. மெல்லிய அலுமினியத் தகட்டை வளைத்து, நேரான சுவரைப் பின்னோக்கிய வளைவாக மாற்றுங்கள். காற்று சுழலாமல் வழுக்கி வெளியேறும், விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் காற்றுத்தடையான இழுவையும் அதிகரிக்காது. அது போதவில்லையென்றால் திறப்பின் முன் விளிம்பில் கீழ்நோக்கிச் சாய்ந்த சிறு உதடு வைக்கலாம். அதன் பின்னால் அழுத்தம் குறைந்து காற்று உறிஞ்சப்படும், ஆனால் வேகத்தில் கொஞ்சம் விலை கொடுக்க வேண்டியிருக்கும். ஏற்றத்தில் திறந்து பயணத்தில் மூடும் கவுல் மடல் வைப்பது நேர்த்தியான தீர்வு. வேலை அதிகம் என்றாலும் கோடையிலும் சுமையோடும் பறப்பவர்களுக்கு நான் அதையே சொல்வேன்.

உறையின் மேல்பக்கம், கண்ணாடிக்கு முன்னால் சல்லடைத் திறப்புகள் வெட்டும் ஆசை சிலருக்கு வரும். கண்ணாடியின் அடிப்பகுதி அழுத்தம் மிகுந்த இடம். அங்கே திறப்பு வைத்தால் காற்று வெளியேறாது, உள்ளே வரும்.

வெளியேறும் காற்றைச் சீராக்குவதன் மதிப்பு இன்று நேற்றுக் கண்டதல்ல. அமெரிக்காவின் நாகா ஆய்வு அமைப்பு எஞ்சின் உறைக்காக 1929-ஆம் ஆண்டின் கோலியர் விருதைப் பெற்றது. குளிர்விக்கும் காற்றின் வெப்பத்தைக் கொண்டே இழுவையை ஈடுகட்டலாம் என்று பிரிட்டனின் பொறியாளர் மெரெடித் 1930-களில் காட்டினார். நம் சிறு உறைக்குள் அந்த ஆதாயத்தைப் பெறுவது கடினம். ஆனாலும் காற்றைப் பின்னோக்கி, நிதானமாக அனுப்ப வேண்டும் என்ற பாடம் இங்கும் செல்லும்.

முன்பக்கக் காற்றுவாய்க்கு இப்போதுதான் வருகிறோம். அதன் உதடு கூராக இருந்தால் ஏற்றத்தில் விமானம் மூக்கைத் தூக்கும்போது காற்று உதட்டை விட்டுப் பிரிந்துவிடும். உதட்டை உருண்டையாக்கி, உள்ளே படிப்படியாக விரியும் வழி அமையுங்கள். பரப்பைக் கூட்டுவது எல்லாவற்றுக்கும் கடைசி.

எட்டாம் படி: எண்ணெய்ச் சூடு தனி நோய்

சிலிண்டர் தலை குளிர்ந்தும் எண்ணெய் மட்டும் சூடாக இருக்கலாம். லைகமிங்கில் உச்ச வரம்பு 245 ஃபாரன்ஹீட், 118 செல்சியஸ். பயணத்தில் 180 முதல் 200 வரை இருப்பது நல்லது; அதைவிடக் குறைந்தாலும் நல்லதல்ல, எண்ணெயில் சேரும் நீர் ஆவியாகாமல் தங்கித் துருப்பிடிக்கவைக்கும். முதலில், எண்ணெய் சூடானதும் அதைக் குளிர்விப்பானுக்குத் திருப்பிவிடும் வெர்னதெர்ம் வால்வைக் கழற்றி, அடுப்பில் நீர் சூடாக்கி அதில் போட்டு வெப்பமானியோடு பாருங்கள். சூடேறும்போது அது நீண்டு, அதற்குரிய இருக்கையில் முழுவட்டமாக அமர வேண்டும். அமரவில்லையென்றால் எண்ணெய் குளிர்விப்பானுக்குப் போகாமலே திரும்பிவிடும். குளிர்விப்பான் 4-ஆம் சிலிண்டருக்குப் பின்னால் பாஃபிளில் மாட்டியிருந்தால் அந்தச் சிலிண்டரின் காற்றில் பங்கு கேட்கும். ஃபயர்வாலில் மாட்டி, அகலமான குழாயில் காற்று கொடுப்பது இரண்டுக்கும் நல்லது.

பறந்து சோதித்தல்

ஒரு பறப்புக்கு ஒரே ஒரு மாற்றம். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமலே போய்விடும். ஒவ்வொரு முறையும் ஒரே எடை, ஒரே ஏற்ற வேகம், கலவை முழுச் செறிவு. வெளி வெப்பநிலையைக் கட்டாயம் குறியுங்கள். வெளியே ஒரு டிகிரி ஏறினால் சிலிண்டர் தலையும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும் என்று வைத்துக் கழித்த பிறகே ஒப்பிடுங்கள். குளிர்காலத்துக் காலையில் கிடைத்த நல்ல எண்ணைக் கண்டு ஏமாறக் கூடாது.

பாதுகாப்பான உயரம் கிடைத்ததும் மூக்கைத் தாழ்த்தி 75 நாட்டிலிருந்து 100 நாட்டுக்குப் போனால் குளிர்விக்கும் அழுத்தம் ஏறத்தாழ 1.8 மடங்காகிறது. எந்தத் தகடும் வெட்டாமல் கிடைக்கும் பலன் இது. தரையில் காத்திருக்கும்போது காற்று வரும் திசைக்கு மூக்கைத் திருப்பி நிறுத்துங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் திடீரென நிமிடத்துக்குப் பல பத்து டிகிரி வீதம் ஏறினால் அது குளிர்விப்புப் பிரச்சினையே அல்ல. உள்ளே எரிதல் கட்டுக்கடங்காமல் போயிருக்கிறது. உடனே திறனைக் குறைத்து, கலவையைச் செறிவாக்கி, அருகிலுள்ள ஓடுதளத்தில் இறங்குங்கள்.

செய்த மாற்றம் ஒவ்வொன்றையும் விமானத்தின் பதிவேட்டில் தேதியோடு எழுதுங்கள். அமெரிக்காவில் சோதனைப் பிரிவில் பதிவான விமானங்களுக்குப் பெரிய மாற்றங்களின்பின் மீண்டும் சோதனைப் பறப்புக் காலம் தேவைப்படலாம். ஆண்டுச் சோதனையின்போது மறுபடியும் ஹேங்கர் விளக்கை அணைத்து, கீழறையில் விளக்கு வைத்துப் பாருங்கள். ரப்பர் பட்டை முதலில் கிழிவது பெரும்பாலும் பின்மூலைகளில்தான்.